வெள்ளிக் காசில் ஆத்தா பிடித்திருந்த இலை

இதை எழுதிவிட வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தபோது என் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போது அவள் மகனே கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடை தூக்குகிறான். இத்தனை வருஷமும் கடுதாசியை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன். யாராவது கேட்டால், "நமக்கு எழுத்து அவ்வளவா வராதுங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், அது உண்மைதான். ஆனால் தயங்கினதற்குக் காரணம் அது இல்லை. இந்த விஷயத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். சாமி பேரைச் சொல்லிச் சொன்ன பொய். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத மனசு ஒப்பவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. மாரியாத்தா மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் இருந்தது ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டம். கோப்பி பட்டுப்போய்த் தேயிலை போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்குப் போக வேண்டுமானால் மாட்டு வண்டி, இல்லையென்றால் நடை. எனக்குக் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டமாக்குகிற வேலை. என்னோடு பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்ததால் என்னையும் கங்காணி என்று கூப்பிடுவார்கள். சின்னக் கங்காணிதான். லயம் என்கிற வீட்டு வரிசையில் எல்லாருக்கும் இருக்கிற மாதிரி ஒரே ஒரு காம்பராதான், ஒற்றை அறைதான், எங்களுக்கும்.

என் பெண்டாட்டி சீதனமாகக் கொண்டு வந்தது ஒரு வெள்ளிக் காசு. அவள் தகப்பனார் ஊரில், கரூர்ப் பக்கத்தில், ஒரு பண்ணையாருக்குக் கிணறு வெட்டப் போனாராம். மண்வெட்டி பட்டு ஒரு பானை உடைந்து உள்ளேயிருந்து காசுகள் கொட்டினவாம். பண்ணையார் அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயந்தரம் இவர் கூடையைக் கழுவும்போது களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒன்று மட்டும் இருந்தது. பஞ்சத்தில் கடல் தாண்டி இந்தக் கரைக்கு வந்தபோது அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து, மன்னாரிலிருந்து மலை வரைக்கும் நடந்தே கொண்டு வந்தார்கள்.

அந்தக் காசு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருக்கும். கையில் வைத்தால் அளவுக்கு மீறின கனம். ஒரு பக்கத்தில் ஒரு ஆணின் தலை, பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி. அந்தத் தலையைச் சுற்றி இலை கட்டியிருக்கும். கட்டின நாடாவின் நுனி பின்கழுத்தில் தொங்கும். திருப்பினால் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு கையில் நீளக் கோல். மற்றக் கையில் இலை.

இதைப் பார்த்து நாங்கள் வேறு என்ன நினைப்போம்? கோல் என்றால் சூலம், மேல்முனை தேய்ந்துவிட்டது. இலை என்றால் வேப்பிலை. பீடத்தில் உட்கார்ந்திருக்கிறவள் மாரியாத்தா. மறுபக்கத்து ஆண் அவளுக்குக் காவல் நிற்கும் மதுரைவீரன். ஒரே ஒரு இடைஞ்சல், அந்த வீரனுக்கு மீசை இல்லை.

"மீசை தேஞ்சு போச்சு. எத்தனை வருஷமாக் குங்குமம் வச்சுத் தேய்க்கிறோம்" என்பாள் என் பெண்டாட்டி.

பக்கத்துக் காம்பரா அக்கா ஒருத்தி இருந்தாள். நல்ல மனசு, வாய்தான் சும்மா இருக்காது. "மூக்கு தேயல, காது தேயல, மீசை மட்டும் தேஞ்சிருச்சா? ஆத்தா கோவத்துல சிரைச்சு விட்டிருப்பா" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. காசின் ஓரத்தில் சுற்றிவர எழுத்துகள் இருந்தன. தேயிலைப் பெட்டியின் மேல் கறுப்பு மையில் அடிப்பார்களே, அந்த எழுத்துகளில் இரண்டு மூன்று அப்படியே இதிலும் இருந்தன. மதுரைவீரனைச் சுற்றி இங்கிலீசு எழுத்து எப்படி வரும்? ஒரு தடவை இதைக் கேட்டுவிட்டேன். "தொரைமாரு வந்தப்புறம் வீரனும் படிச்சிருப்பாரு, உங்களுக்கென்ன" என்று அந்த அக்காதான் பதில் சொன்னாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

விட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மலையில் வேம்பு வராது, குளிர் ஒத்துக்கொள்ளாது. அம்மை கண்ட வீட்டு வாசலில் செருகவும், பிள்ளை உடம்பைத் தடவிக்கொடுக்கவும் வேப்பங்கொத்து வேண்டுமே. பதுளை தாண்டிக் கீழே வெயில் பக்கம் போகிற வண்டிக்காரரிடம் சொல்லி வைத்தால் இரண்டு மூன்று நாள் கழித்து வரும், பாதி வாடி. அதுவரைக்கும் என்ன செய்வது? எங்கள் வீட்டுக் காசைத்தான் கேட்டு வருவார்கள். ஆத்தாவே வேப்பிலை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள், அந்த இலை வாடுவதில்லை. மஞ்சள் தண்ணீரில் காசைப் போட்டு, அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குத் தெளிப்பார்கள். மேல் லயம், கீழ் லயம், பக்கத்துத் தோட்டம் என்று எல்லா இடத்துக்கும் அது போய் வந்தது. என் பெண்டாட்டி ஒரு நாளும் அதற்குக் கைம்மாறு வாங்கியதில்லை.

மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது அவளுக்கே ஆத்தா வந்தாள். எங்கள் வழக்கத்தில் அம்மை போட்டது என்று சொல்வதில்லை, வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வோம். வேப்பங்கொத்தும் வந்தது, காசுத் தண்ணீரும் தெளித்தோம். பிள்ளை பிழைத்தாள். அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் தலைக்கு ஊற்றின அன்றுதான் தெரிந்தது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது, கறுப்பு விழி முழுக்கப் பால் தெளித்த மாதிரி. வலது கண் சிவந்து வீங்கிக் கிடந்தது. அதிலும் ஓரத்தில் வெள்ளை. வெளிச்சம் பட்டால் தண்ணீராய்க் கொட்டும். கைக்கு எதிரே வைத்த சோற்றைத் தடவித் தடவி எடுத்தாள்.

அவளுடைய தாய் அப்படியே எழுந்து தோட்டத்துக் கோயிலுக்கு ஓடினாள். கோயில் என்றால் மரத்தடியில் ஒரு கல், மேலே நாலு தகரம். அங்கே பத்துப் பேர் நிற்க, சத்தமாக நேர்ந்துவிட்டாள்: "ஆத்தா, எம்புள்ளைக்கு ஒரு கண்ணையாவது திருப்பிக் கொடு. எங்க வீட்டு வெள்ளியில உனக்குக் கண்மலர் செஞ்சு சாத்துறேன்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. எங்கள் வீட்டில் வேறு வெள்ளி ஏது? அவள் கால் மெட்டிகூடப் பித்தளை.

"அப்ப அந்தக் காசைத்தான் உருக்கணும்" என்றேன்.

"என்ன பேச்சுப் பேசுறீங்க! ஆத்தாவை உருக்கி ஆத்தாவுக்கே கண்ணு வைக்கிறதா?"

"பின்ன ஏன் அப்படி நேர்ந்த?"

"வாயில வந்துருச்சு. நானா யோசிச்சுச் சொன்னேன்?"

உருக்கினால் தெய்வக் குற்றம், உருக்காவிட்டால் நேர்த்திக் குற்றம். அவள் காசைச் சுற்றிப் பித்தளைக் கம்பியில் வளையம் போட்டு, மஞ்சள் நூலில் கோத்து, மகள் கழுத்தில் கட்டிவிட்டு அழுதுகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள புள்ளைக்கு இருக்கிற பொட்டு வெளிச்சமும் போயிரும்."

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பெண்டாட்டி கேட்கவில்லை. ஆத்தா வந்து போன உடம்பில் மருந்து பட்டால் அவள் கோபித்துக்கொண்டு மறு கண்ணையும் எடுத்துக்கொண்டு போவாள் என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பிள்ளை சோற்றைத் தடவினது கண்ணை விட்டுப் போகவில்லை.

"டவுன் கோயில்ல புள்ளைக்கு மஞ்சக்காப்பு வாங்கிப் போட்டுட்டு, பத்தர்கிட்டயும் கண்மலர் விஷயம் கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லி, கணக்கப்பிள்ளை ஐயாவிடம் ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். மகள் தலையில் ஈரத்துணியைப் போட்டுத் தோளில் உட்காரவைத்து நடந்தேன். பதுளைக் கோயில் வாசல் வரைக்கும் போனேன். வெளியே நின்றபடியே கும்பிட்டேன். உள்ளே போகவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

அங்கே இருந்த டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் கோட்டு, மெல்லிய குரல். பிள்ளையைச் சன்னல் பக்கம் நிறுத்தி, ஒரு பூதக் கண்ணாடியை வைத்துக் கண்ணை இமை விரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இடது கண் கஷ்டம், கங்காணி. வலது கண்ணைக் காப்பாத்தலாம். ஆனா நான் சொல்லுறதை நீங்கள் கேக்க வேணும், விளங்குதோ?"

"விளங்குதுங்க ஐயா."

நிமிரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மகள் கழுத்தில் கிடந்த காசு அவர் கண்ணில் பட்டுவிட்டது. அதே பூதக் கண்ணாடியை அதற்கும் வைத்தார்.

"இதை ஆர் கட்டினது?"

"எம் பொஞ்சாதி கட்டினதுங்க. அது ஆத்தா காசு. ஆத்தா வேப்பிலையோட உக்காந்திருக்கா பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு முக்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தான் பழைய காசு சேர்க்கிறவர் என்றும், இப்படி ஒன்றைப் படத்தில் பார்த்ததுண்டு, கையில் தொட்டது இதுதான் முதல் என்றும் சொன்னார். "இது ரோமாபுரி ராசாவின்ட வெள்ளிக் காசு. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். உங்கட ஊர்ப் பக்கம் மிளகு வாங்க வந்தவையள் கப்பல் கப்பலாக் கொண்டு வந்து குடுத்தது. இந்தத் தலை அந்த ராசா. தலையில கட்டியிருக்கிற இலை வெற்றிக்கு அடையாளம்."

"மீசை?"

"அவையள் மீசை வைக்கிறேல்ல."

"அப்ப இந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது?"

"அது சமாதானம். சமாதானத்தை ஒரு பொம்பிளையா உருவம் குடுத்து இருத்தியிருக்கினம். கையில இருக்கிறது செங்கோல். இலை ஒலிவ மரத்துக் கொப்பு, சண்டை ஓய்ஞ்சுது எண்டு காட்டப் பிடிக்கிறது. சிலபேர் அது ராசாவின்ட தாய் எண்டும் சொல்லுவினம்."

எத்தனை பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீரைத் தெளித்திருக்கிறோம்! "அப்ப இது எங்க ஆத்தா இல்லீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"நான் காசைப் பற்றித்தான் சொன்னேன். ஆத்தாவைப் பற்றி எனக்கென்ன தெரியும்" என்றார்.

நேர்த்தியைப் பற்றி அவரிடம் சொன்னேன். உருக்க வேண்டாம் என்று ஏறக்குறையக் கெஞ்சினார். அதற்குப் பதில் என்னிடமிருக்கும் வெள்ளியைத் தருகிறேன், அதில் கண்மலர் செய்யுங்கோ, இதை எனக்குத் தாருங்கோ என்றார். பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிறகு ஒரு சின்னத் தகரப் பெட்டியில் களிம்பு கொடுத்தார். காலையும் மாலையும் இமைக்குள்ளே தடவ வேண்டும், கண்ணைத் துணியால் மறைத்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ஒரே சின்னச் சாமானைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். களிம்பு மஞ்சள் நிறம்.

என் பொய் அங்கேதான் பிறந்தது. திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் மரச் சிமிழ் ஒன்று வாங்கினேன். ஹாலிஎலவுக்கு இந்தப் பக்கம், ரோட்டோரத்துத் தேயிலைக்குள்ளே குந்திக்கொண்டு, ஈர்க்குச்சியால் களிம்பை வழித்துச் சிமிழுக்கு மாற்றினேன். தகரப் பெட்டியை ஓடையில் எறிந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை கேட்டாள், "அப்பா, என்ன செய்யிறீங்க?" "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவளுக்குத்தான் கண் தெரியாதே.

வீட்டில் சிமிழைக் கொடுத்து, "டவுன் ஆத்தா கோயில் மஞ்சக்காப்பு. ரெண்டு வேளையும் கண்ணுல தடவச் சொன்னாங்க" என்றேன்.

அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். "என்னங்க இது, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது?"

"டவுன் மஞ்சள் அப்படித்தான் இருக்கும்."

"டவுன்ல எதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அன்று முதல் ஒரு வேளை தவறாமல் அவளே பயபக்தியோடு தடவினாள். ஒவ்வொரு தடவையும் ஆத்தா பேரைச் சொல்லுவாள். பக்கத்தில் நிற்கிற எனக்கு நெஞ்சுக்குள்ளே முள் குத்தும்.

காட்டிக் கேட்பதற்கு அந்தக் காசையே வைத்துக்கொண்டேன். வேலை விட்டு வந்து, வெயில் இருக்கும்போதே லயத்து வாசலில் பிள்ளையை உட்காரவைத்து, காசைக் கழற்றி ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேட்பேன். முதல் தடவை, "வெள்ளையா என்னமோ ஆடுது" என்றாள். அதற்கே அவள் தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து நாள் போயிருக்கும். அன்று கேட்டதும் பிள்ளை படபடவென்று சொன்னாள். "ஆத்தா உக்காந்திருக்கா. கையில சூலம் இருக்கு. இந்தக் கையில வேப்பிலை இருக்கு."

அவள் தாய் குலவை போட்டுவிட்டாள். அக்கா ஓடி வந்தாள், லயமே கூடிவிட்டது. எனக்கு மட்டும் என்னவோ போல் இருந்தது. பிள்ளையின் குரல் பாடம் ஒப்பிக்கிற குரல். காசை விரலுக்குள் மெல்லத் திருப்பி, ராசா தலை இருக்கிற பக்கத்தைக் காட்டினேன். "இப்ப?"

"ஆத்தா உக்காந்திருக்கா. கையில வேப்பிலை."

என் கையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள் என்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். தாயைச் சந்தோஷப்படுத்த மனப்பாடமாய்ச் சொல்லியிருக்கிறாள், பாவம். அக்காதான் அவளைத் தூக்கிக்கொண்டு, "பசிக்குதா கண்ணு, ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்" என்று உள்ளே போனாள். அன்றைக்கு அந்த வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் இரண்டு வாரம் காசைக் கையில் எடுக்கவில்லை. எடுக்கப் பயம். களிம்பு தீர்ந்தபோது கொந்தரப்பு வேலைக்கு ஒப்பந்தம் பேச வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் மறுபடி வாங்கி வந்தேன். டாக்டர் ஐயா, "அவசரப்படாதேயுங்கோ, தடவுங்கோ" என்றார்.

ஒரு சாயந்தரம் நான் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மகள் வாசற்படியில் கழுத்துக் காசைத் தானே கையில் பிடித்து, வலது கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணுக்குக் கட்டின துணி கீழே கிடந்தது. அவள் தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது வேப்பிலை இல்ல."

"என்ன?"

"வேப்பிலை இல்லம்மா. வேப்பிலைன்னா ஒரே காம்புல நிறைய, வளைஞ்சு வளைஞ்சு வரும். என் மேல தடவினீங்களே. இதுல கொஞ்சந்தான் இருக்கு, குச்சி குச்சியா நிக்குது. இது கொழுந்து! ஆத்தா கொழுந்து பறிச்சு வச்சிருக்கா!"

முறம் கீழே விழுந்தது. பிள்ளை காசைத் திருப்பினாள். "இந்த மாமாவுக்கு மீசையே இல்ல. தேயவும் இல்ல. சும்மா மொழுமொழுன்னு இருக்கு."

யாரும் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வேப்பிலை என்று அவள் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். எல்லாரும் காலமெல்லாம் சொன்னதை இல்லை என்று சொல்கிறாளே, அப்போது அவள் கண்ணால்தான் பார்த்திருக்க வேண்டும். தேயிலைக்குள்ளே பிறந்த பிள்ளை, எந்த இலையைக் கண்டாலும் அவளுக்குக் கொழுந்துதான். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் தீட்டின கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா வந்து, "கத்தியைக் கீழ போடுங்கண்ணே, ஆளைக் கொல்லப் போற மாதிரி நிக்கிறீங்க" என்ற பிறகுதான் போட்டேன்.

அந்தச் சந்தோஷத்திலேயே என் பெண்டாட்டி மஞ்சள் சிமிழை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, டவுன் ஆத்தாவுக்கு நன்றி சொன்னாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன். களிம்பு ஆஸ்பத்திரிக் களிம்பு, கோயிலுக்குள்ளே நான் போகவே இல்லை, காசு ரோமாபுரி ராசா காசு, இலை ஏதோ ஒலிவ மரத்து இலை, உட்கார்ந்திருக்கிறது சமாதானமோ ராசாவைப் பெற்றவளோ.

அவள் சிமிழைக் கீழே வைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போக நான் கம்பளியை உதறிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து கேட்டாள்.

"ராசாவைப் பெத்தவன்னா சொன்னாரு அந்த டாக்டரு?"

"சிலபேர் அப்படிச் சொல்லுவாங்களாம்."

"ராசாவுக்கு ஆத்தான்னா அவளும் ஆத்தாதானே."

நான் கம்பளியை மடித்துத் தோளில் போட்டேன்.

"உருக்குறதுக்கு நான் பயந்தது அவ கோவிச்சுக்குவான்னுதான். பெத்தவளா இருந்தா ஏன் கோவிக்கப் போறா? ஒரு புள்ளைக்குக் கண்ணு வேணும்னா எந்தத் தாய் கொடுக்க மாட்டா? நேர்ந்தது நேர்ந்ததுதான். நாளைக்கு டவுனுக்குப் போவோம்." பிறகு, "பொய் சொன்னீங்களே, அதை நீங்களே அவகிட்டச் சொல்லிக்கங்க. அது எனக்கு வேணாம்" என்றாள்.

டாக்டர் ஐயா வெள்ளி தருகிறேன் என்றதையும் சொன்னேன். "நேர்ந்தது இந்த வெள்ளி. வேற வெள்ளியைக் கொடுத்தா அது ஏமாத்து" என்று முடித்துவிட்டாள்.

முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம், மூன்று பேருமாக. டாக்டர் ஐயா மகளின் வலது கண்ணைப் பார்த்துவிட்டு, அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். காசு விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடித்தான் போயிற்று. வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் மட்டும் கடனாகக் கேட்டு வாங்கி, அரக்கை உருக்கி இரண்டு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டார். அவருக்கு நாங்கள் பட்ட நன்றிக் கடனுக்கு அந்தக் காசையே கொடுத்திருக்கலாமோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு.

கடைத்தெருவில் பத்தர் காசைக் கையில் வாங்கி, "சாமி உருவம் இருக்கே, நான் சுத்தியல் போட மாட்டேன்" என்று பின்வாங்கினார். என் பெண்டாட்டிதான் அதைத் திரும்ப வாங்கி, உள்ளங்கையில் வைத்து, யாரோடோ பேசுகிற மாதிரி பேசினாள். "எம்மாந்தூரம் வந்திருக்க. இனி எங்கயும் அலைய வேணாம். மலையில கல்லா இருக்கிறவளுக்குக் கண்ணா இருந்துக்க." தன் கையாலேயே வெள்ளி உருக்குகிற மூசையில் போட்டாள். பத்தர் துருத்தியை ஊதினார். இலை கட்டின ராசா, கோல், நாற்காலி, அந்த இலை எல்லாம் சேர்ந்து ஒரு சொட்டு வெளிச்சமாக உருண்டது. அதைத் தட்டி இரண்டு கண் செய்தார். சருகு மாதிரி மெல்லிசு. கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

கண்மலர் சாத்தின பிறகு வருகிறவர்கள் போகிறவர்கள் காசுத் தண்ணீர் கேட்டு வந்தால் என் பெண்டாட்டி நடந்ததைச் சொல்லுவாள். அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் கடைசிப் பையனுக்கு ஆத்தா வந்து, தண்ணீர் ஊற்றினதும் கண் சிவந்தது. அக்கா அழுதுகொண்டு கோயிலுக்குப் போனாள். இவள் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். "கும்பிட்டாச்சில்ல, வா. கும்பிட்டுட்டு நிக்கிறதுக்கா கால் கொடுத்திருக்கா?" இரண்டு பெண்களும் பையனை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு பதுளைக்கு நடந்தார்கள். அந்தப் பையனுக்கு இரண்டு கண்ணுமே தப்பின. அப்புறம் எத்தனையோ தாய்மாரை என் பெண்டாட்டி அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. அவளுக்கு முட்டி வலி, ஆனாலும் யார் கூப்பிட்டாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்ல நினைத்தால் சொல்லுங்கள், அதற்காகத்தான் எழுதினேன். எழுதினபடியே சொல்லுங்கள். காசு தானாக உருகிப் பாய்ந்தது, கல் கண்ணைத் திறந்து பார்த்தது என்றெல்லாம் பக்கத்துத் தோட்டங்களில் இப்போதே பேச்சிருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நான் பக்கத்தில் நின்றவன். டாக்டர் ஐயாவின் களிம்பை விட்டுவிட்டு ஆத்தாவை மட்டும் சொன்னால் எங்கேயோ ஒரு பிள்ளை வீட்டிலேயே கிடந்துவிடும். ஆத்தாவை விட்டுவிட்டுக் களிம்பை மட்டும் சொன்னால் என் பெண்டாட்டி நேர்ந்ததும் கொடுத்ததும் இல்லாமல் போய்விடும். நான் சொன்ன பொய்யையும் எனக்காக மறைக்க வேண்டாம். மகளின் இடது கண்ணில் அந்தப் பூ இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.